முர்ரா எருமையை குளோனிங் பண்ணி வைக்க முடியுமா?

கட்டுத்தறி:
வணக்கம்ங்க. எங்கிட்ட ஒரு முர்ரா எருமை இருக்குது, ஆறாவது ஈத்து. கறவை நல்லா இருக்கறப்ப நாளைக்கு 14 லிட்டருக்குக் குறையாது. யாரு உக்காந்தாலும் உதைக்காம பால் இறக்கும். ஆனா அதோட கிடேரி ரெண்டுமே அம்மா மாதிரி வரலை. ஹரியானாவுல எருமையை குளோனிங் பண்றாங்கன்னு மச்சான் சொல்றான். இதோட காதுல துளி சதை எடுத்து அப்படியே இன்னொண்ணு உண்டாக்கலாமுங்களா? நல்லது கெட்டது ரெண்டும் சொல்லுங்க.

பால்காரர் மகன்:
2005லயே கொரியாவுல நாயை குளோன் பண்ணிட்டாங்க அண்ணா. காசு இருந்தா எல்லாம் நடக்கும்.

ரிட்டயர்டு வெட்னரி:
முடியும். ஆனா உங்க எருமைக்கு வேண்டாம்பேன்.

ஹரியானாவுல கர்னால் ஆராய்ச்சி நிலையத்துல 2009 பிப்ரவரியில பிறந்த முதல் குளோன் எருமைக் கன்று ஒரு வாரம் தாங்கலை. அதே வருஷம் ஜூன்ல பிறந்த கரிமா 2011ல போயிடுச்சு. அடுத்து வந்த கரிமா-2தான் நின்னு, 2013ல மஹிமான்னு ஒரு கிடேரி ஈன்றது. ஸ்காட்லாந்துல குளோன் பண்ணின டாலி ஆடும் 277 கருமுட்டையில தேறின ஒண்ணு. தோத்ததெல்லாம் ஆய்வகக் கண்ணாடித் தட்டோட போனா சரி, சுமை வாடகைத் தாய் மேலயும் விழுது: சினை கலையும், கன்று வயித்துலயே அளவுக்கு மீறிப் பெருத்து ஈனும்போது சிக்கலாகும்.

சரி, பிழைச்சே வந்தாலும் 14 லிட்டர் கறக்குமா? தீவனம், வெயில், கறக்கிற கை, கன்றுப் பருவத்துல வளர்த்த விதம், இதெல்லாம் காதுத் துணுக்குல வராது. 2001ல டெக்சாஸ்ல பிறந்த குளோன் பூனைக்கு, செல் குடுத்த பூனையோட ஆரஞ்சுத் திட்டே இல்லை. ரோமத்துக்கே அப்படின்னா மடிக்கு என்ன உத்தரவாதம்?

லாபம் காளையிலதான். எருமை ஒரு ஈத்துக்கு ஒரு கன்று போடும், காளையோட உறைவிந்து ஆயிரக்கணக்கான சினை ஊசியாகும். அதான் ஹிசார்ல 2015ல ‘ஹிசார் கௌரவ்’னு ஒரு காளையை குளோன் பண்ணினாங்க. இதுலயும் ஒரு பயம் உண்டு: ஊரெல்லாம் ஒரே காளையோட வாரிசானா, ஒரு நோய்க்கு மொத்தமும் சாயும்.

வயல்காடு:
டாக்டர், அப்ப அழிஞ்சுபோற இனத்துக்கும் குளோனிங் கெடுதல்தானா?

ரிட்டயர்டு வெட்னரி:
அங்க கதை தலைகீழ். அமெரிக்காவுல கருங்கால் ஃபெரெட்னு ஒரு பிராணி. குளோனிங்குக்கு முன்னால இருந்ததெல்லாம் ஏழே ஏழோட வாரிசு. அந்த ஏழுல சேராத ஒண்ணோட செல்லை 1988ல உறைய வெச்சிருந்தாங்க, 2020ல அதுல இருந்து ஒரு குட்டி எடுத்தாங்க. விட்டுப்போன ரத்தத்தை உள்ள கொண்டுவந்த வேலை அது. இதுக்கு குளோனிங் பண்ணினா நான் கைதட்டுவேன்.

பால்காரர் மகன்:
குளோன் மாட்டுப் பால் குடிக்கலாமா?

ரிட்டயர்டு வெட்னரி:
சாதாரணப் பால் மாதிரிதான்னு அமெரிக்க உணவுத் துறை 2008லயே சொல்லிடுச்சு. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015ல தடை கேட்டு ஓட்டுப் போட்டதுக்கு மாடு படுற பாடும் ஒரு காரணம்.

கட்டுத்தறி:
புரிஞ்சுதுங்க ஐயா. போன ஈத்துல விழுந்த கடாக்கன்னு இன்னும் நிக்குது. யாவாரி கேட்டுட்டு இருக்கான்.

ரிட்டயர்டு வெட்னரி:
விக்காதீங்க! பொலிகாளைக்கு ஆகுமான்னு பக்கத்து கால்நடை மருத்துவமனையில காட்டுங்க. அம்மாவோட பாலைத் தினமும் எழுதி வெச்ச நோட்டு இருக்கா? அதைத்தான் முதல்ல கேட்பாங்க.