சுகருக்குச் சிறுகுறிஞ்சான் பொடி இருக்கும்போது மாத்திரை எதற்கு?

பாரி: அப்பாவுக்கு வெறும் வயிற்றில் சுகர் 190 வரை இருந்தது. சிறுகுறிஞ்சான் பொடியும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்தோம், ராத்திரி சோற்றையும் நிறுத்தினோம். இப்போது 130. இனி மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறேன், அம்மா பயப்படுகிறார்.

சிவகாமி: தம்பி, ராத்திரி சோற்றை நிறுத்தியதை நீங்களே எழுதிவிட்டு, பெருமையைப் பொடிக்குக் கொடுத்தால் எப்படி? மாத்திரையும் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? வெந்தயம் நல்லதுதான். ஊறினால் வழவழவென்று வருகிறதே, அந்த நார்ச்சத்து மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும். அதற்காகக் காலையில் குடித்த வெந்தயம் ராத்திரி பரோட்டாவைத் தடுக்காது.

பாரி: அக்கா, சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், மணலைத் தின்ற மாதிரி இருக்கும். இனிப்பையே தெரியவிடாத இலைக்குச் சக்தி இல்லையா?

ரஹீம் (மருந்தாளுநர்): நாக்கில் நடப்பது உண்மை. இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலத்தின் வேலை அது. அதை வைத்து ரத்தத்தில் இவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட முடியாது. சரி, சக்தி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எனக்குப் பயமே அங்கேதான். அப்பா சாப்பிடுவது கிளிமிபிரைடு என்றால், அது கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரை. அதோடு பொடியும் சேர்ந்து, ராத்திரிச் சாப்பாடும் குறைந்தால் சுகர் 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். நினைவோடு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மீனா: அப்போ சத்து மாத்திரை எல்லாமே வீணா? அம்மா பல வருடமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். பாதம் மரத்துப்போனது. சுகரால் நரம்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். பரிசோதித்தால் வைட்டமின் பி12 குறைவு.

ரஹீம்: உங்கள் அம்மா விஷயம் வேறு, மீனா. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம், சைவக்காரர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். குறைவு என்று தெரிந்து போடுகிற ஊசியும் மாத்திரையும் அவசியம். குரோமியம், லவங்கப்பட்டை மாத்திரைகளை அப்படிச் சொல்ல முடியாது. சுகரைக் குறைக்க அவற்றை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைப்பதில்லை.

பாரி: அமெரிக்காக்காரன் நம் மூலிகையை எப்போது ஒத்துக்கொண்டான்?

ரஹீம்: மெட்ஃபார்மினுக்கே வேர் ஐரோப்பாவில் வளரும் கலீகா என்ற செடியில்தான் தம்பி. எனக்குச் செடிமேல் பகை இல்லை. எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று சோதித்து, இத்தனை மில்லிகிராம் என்று சொல்ல முடிகிறதா என்பதே என் கேள்வி. உங்கள் பொடி டப்பாவில் அது இருக்கிறதா?

பாரி: இல்லை. ஆனால் ராத்திரி கேழ்வரகுக் கூழ்தான் கொடுக்கிறோம். அதில் என்ன குறை?

சிவகாமி: நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் சீக்கிரம் செரித்துவிடும், சுகரும் வேகமாக ஏறும். சிறுதானியம் என்பதற்காக அளவில்லாமல் குடிக்கக் கூடாது. முதலில் பொரியலும் சுண்டலும், கடைசியில் கொஞ்சம் சோறு என்று கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். கூழ் குடித்த அன்றைக்கும் பாருங்கள். வித்தியாசம் மீட்டரிலேயே தெரியும்.

பாரி: பொடி வீண் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தவில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி எடுத்துக்கொண்டு, பொடி டப்பாவோடு டாக்டரைப் பார்க்கிறோம்.

ரஹீம்: சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் சேர்த்து எடுங்கள். அதுவரை படுக்கும் முன் ஒருமுறை சுகர் பாருங்கள்.