ஆயுத அறைப் பொறுப்பு ஏற்கும்போது எண்ணிக் காட்டச் சொல்லலாமா?

செண்பகம்82:
வீட்டுக்காரர் பட்டாலியனில் ஹெட் கான்ஸ்டபிள். திங்கள்கிழமை பெல் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது ஆயுத அறைச் சாவி இவர் கைக்கு வருகிறது. இதுவரை வைத்திருந்தவர் ரிட்டயர் ஆகிறார். "எல்லாம் சரியா இருக்குப்பா, கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கோ" என்கிறாராம். சீனியரிடம் எண்ணிக் காட்டுங்கள் என்று கேட்க இவருக்குக் கூச்சம். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

மணிமுத்தாறு_ஓய்வு:
கூச்சமே கூடாது தாயி. முதல் தடவை நானும் எண்ணாமல்தான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் மாதம் ஆய்வில் எஸ்.எல்.ஆர். ரைபிளில் தோட்டா போடும் மேகசின் இரண்டு குறைந்தது. துப்பாக்கிகூட இல்லை, வெறும் மேகசின்! மெமோ, விசாரணை, இன்கிரிமென்ட் நிறுத்தம். எனக்கு முன்னால் இருந்தவர், "நான் கொடுத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு, கையெழுத்து இருக்கே" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கேரளாவில் நடந்தது ஞாபகம் இருக்கா? 2020 பிப்ரவரியில் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை வந்தது. திருவனந்தபுரம் எஸ்.ஏ.பி. என்ற சிறப்பு ஆயுதப்படை போலீஸ் முகாமில் 25 இன்சாஸ் ரைபிள், 12,061 தோட்டா கணக்கில் இல்லை என்றது. ரைபிள்களை ஏ.ஆர். (ஆயுதப்படை) கேம்புக்குக் கொடுத்தோம் என்று எஸ்.ஏ.பி. சொல்ல, எங்களுக்கு வரவில்லை என்று ஏ.ஆர். கேம்ப் சொன்னது. அப்புறம் கிரைம் பிராஞ்ச் உட்கார்ந்து எண்ணியது. மொத்தம் 660 ரைபிள், முகாமில் 647, மணிப்பூருக்கு டியூட்டி போனவர்களிடம் 13. ரைபிள் எங்கேயும் போகவில்லை, காகிதத்தில்தான் தொலைந்திருந்தது.

தோட்டா விவகாரம் வேறு. 250 தோட்டா குறைந்ததை மறைக்க டம்மி வைத்திருந்தார்கள். அதனால் தோட்டாப் பெட்டியைத் திறக்காமல் எண்ணிக்கையை ஒத்துக்கொள்ளக் கூடாது. ஃபயரிங் ரேஞ்சில் சுட்ட தோட்டாவின் காலி கேஸ் ஒன்று குறைந்தால் வெயிலில் புல்லை விலக்கித் தேடவிடுவார்களே, அது சும்மா இல்லை.

ரைபிளை ரேக்கில் தலை எண்ணினால் போதாது. பின்கட்டையில் எழுதியிருக்கும் பட் நம்பரை மட்டும் பார்க்காமல் பாடியில் வெட்டியிருக்கும் நம்பரையும் ரெஜிஸ்டரோடு ஒப்பிடணும். வெளியே கொடுத்திருப்பதாகச் சொன்னால் வாங்கியவர் கையெழுத்தைக் கேட்கணும். வைட்னர் பூசிய வரி இருந்தால் அந்தப் பக்கத்தை அப்போதே அதிகாரியிடம் காட்டச் சொல்லுங்கள்.

ரைட்டர்_பழனி:
ஐயா சொன்னதோடு ஒன்று. எங்கள் ஸ்டேஷனில் தேர்தல் சமயத்தில் லைசென்ஸ்காரர்கள் ஒப்படைக்கும் துப்பாக்கிகளும் அதே அறையில்தான் இருக்கும். அதுக்குத் தனி ரெஜிஸ்டர். சர்க்கார் துப்பாக்கியோடு கலந்து எண்ணினால் குறைச்சல் தெரியாமல் போகும்.

செண்பகம்82:
குறைச்சல் இருந்தால் என்ன செய்வது ஐயா? சீனியர் மனம் நோகுமே.

மணிமுத்தாறு_ஓய்வு:
நோகட்டும். குறைந்ததைக் குறைந்தது என்றே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். என்னிடம் அந்த நகல்தான் இல்லை.

செண்பகம்82:
படித்துக் காட்டினேன். திங்கள் வேண்டாம், சனிக்கிழமை காலையிலேயே வந்து எண்ணலாமா என்று இப்போது அந்த சீனியருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.