சேர்ந்து பாடினால் சரி, தனியாகப் பாடினால் சுருதி நிற்பதில்லை: பிள்ளைகளைப் பிரித்துவிடலாமா?

சரளி:
வணக்கம். 6 முதல் 9 வயது வரை 8 பிள்ளைகள். வாரம் இரண்டு நாள், 45 நிமிடக் கர்நாடக வாய்ப்பாட்டு வகுப்பு. எடுக்கும் நான் ஆண். பிள்ளைகளுக்கு 5 கட்டைச் சுருதி ('ஸ' வைக்கும் உயரம்). தொடக்கப் பயிற்சிகளில் சரளி வரிசை முடிந்து, ஸ்வரங்களை இரட்டையாகப் பாடும் ஜண்டை வரிசை ஓடுகிறது. எல்லோரும் சேர்ந்து பாடும்போது நன்றாகவே இருக்கிறது. தனித்தனியாகக் கேட்டால் மூன்று பேருக்குச் சுருதி சேரவில்லை, இரண்டு பேர் தாளத்தில் பின்தங்குகிறார்கள், ஒரு பையன் வாயே திறப்பதில்லை. தனி வகுப்பு வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். குழுவில் கற்பதுதான் கெடுக்கிறதா?

கானடா:
பிரிக்க வேண்டாம். யார் யாரைப் பார்த்துப் பிடிக்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். பின்தங்கும் பிள்ளையின் கண் உங்கள் மேல் இருக்காது, பக்கத்துப் பிள்ளையின் விரல் மேல் இருக்கும். ஆதி தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கையான லகுவில் தட்டு முடிந்து சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணும்போது, பக்கத்தில் விரல் விழுந்த பிறகுதான் இங்கே விழும். அடுத்து இரண்டிரண்டு எண்ணிக்கையாக வரும் த்ருதத்தில் தட்டும் வீச்சும் பெரிய அசைவுகள். அங்கே ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். அதனால் ஆவர்த்தனம் (8 எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) முடியும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக இருப்பதுபோலத் தெரியும். முதுகோடு முதுகாக உட்காரவைத்து இரண்டு ஆவர்த்தனம் போடச் சொல்லுங்கள், யார் என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று: நீங்கள் எதிரே உட்கார்ந்து வலக்கையால் தாளம் போட்டால் சின்னப் பிள்ளைகள் கண்ணாடி பார்ப்பதுபோல இடக்கையை எடுப்பார்கள். அரைவட்டத்தின் முனையில், அவர்கள் பார்க்கும் பக்கமே நீங்களும் பார்த்து உட்காருங்கள்.

பிறகு துணையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். முதல் சரளியில் 'ஸ ரி க ம' என்று லகுவை ஒரு பிள்ளை பாடட்டும். 'ப த, நி ஸ' என்று இரண்டு த்ருதத்தையும் அடுத்த பிள்ளை எடுக்கட்டும். மற்றவர்கள் தாளம் மட்டும் போடுவார்கள். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 விநாடி, 8 பேரும் பாடி முடிக்க 32 விநாடி. தனியாகப் பாடும் பயம் வருவதற்குள் முறை தாண்டிப் போயிருக்கும். இரண்டு வாரம் கழித்து ஆளுக்கு ஒரு முழு ஆவர்த்தனம் கொடுங்கள்.

வகுப்பறை:
கானடா சொன்னதோடு ஒரு திருத்தம். பார்த்துக் கற்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா நான்கு படிகள் சொன்னார்: கவனித்தல், மனத்தில் நிறுத்தல், செய்து பார்த்தல், செய்யத் தூண்டும் ஊக்கம். பாட்டு வகுப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டாவது படி. ஆசிரியர் பாடிய கையோடு பிள்ளைகள் கூடவே பாடத் தொடங்கிவிட்டால் மனத்தில் நிறுத்த இடமே இல்லை; காதில் விழுந்தது அப்படியே வாய்க்குப் போகிறது. நீங்கள் பாடி முடித்ததும் ஓர் ஆவர்த்தனம் மௌனமாகத் தாளம் மட்டும் ஓடட்டும், அதற்குப் பிறகு அவர்கள் பாடட்டும். இந்த 8 விநாடியில்தான் பிள்ளை அந்த வரியை உள்ளுக்குள் பாடிப் பார்க்கிறது.

முன்மாதிரியாக வகுப்பிலேயே நன்றாகப் பாடும் பிள்ளையை எப்போதும் நிறுத்தாதீர்கள். 'அவளுக்கு வரும், நமக்கு வராது' என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். இரண்டு பாடம் முன்னால் இருக்கிற, தவறிவிட்டுத் தானே திருத்திக்கொள்கிற பிள்ளை போதும். நிஷாதத்தில் (நி) சறுக்கி, நிறுத்தி, தம்புராவைக் கேட்டு மறுபடி பிடிப்பதை மற்ற பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். திருத்துவது எப்படி என்பது அதில்தான் இருக்கிறது.

மந்த்ரஸ்தாயி:
சுருதிக்கு வேறு காரணமும் இருக்கிறது. 5 கட்டையில் ஆண் குரல் மேல் ஷட்ஜத்துக்கு (ஸ) ஏறச் சிரமப்பட்டு ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையுள்ள அளவு) இறங்கிப் பாடும். கேட்கிற பிள்ளை அந்தத் தாழ்வையே பிடிக்கப் போய் முனகும். சின்னப் பிள்ளைகளுக்குப் பிள்ளைக் குரலையோ பெண் குரலையோ கேட்டுப் பிடிப்பது சுலபம். முதல் ஆவர்த்தனத்தை 9 வயதுப் பிள்ளை ஒன்று பாடிக் காட்டட்டும், நீங்கள் தாளத்தோடு நின்றுகொள்ளுங்கள். கீழ் ஷட்ஜம் வெறும் காற்றாகப் போகும் பிள்ளைகள் இருந்தால் ஐந்தரைக்கோ 6 கட்டைக்கோ ஏற்றிப் பாருங்கள்.

இந்த வரிசைகளைப் பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபம் (ரி) ஷட்ஜத்தை ஒட்டி நிற்பது. குழுவில் யாராவது அதை ஏற்றிப் பிடித்தால் எல்லோரும் பின்னாலேயே போவார்கள். அவரோகணம் (இறங்கு வரிசை) முடிந்ததும் நிறுத்தி, சுருதிப்பெட்டியோடு ஷட்ஜத்தை முனகச் சொல்லுங்கள், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவர்களுக்கே கேட்கும்.

ஆனால் 'பிரிக்கவே வேண்டாம்' என்பதை நான் ஏற்கவில்லை. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) எட்டுக் குரல்களில் கரைந்து வழவழத்துப் போகும். 45 நிமிடத்தில் 30 நிமிடம் எல்லோரும், 15 நிமிடம் இரண்டிரண்டு பேராக என்று வையுங்கள். 1946-இல் மட்சுமோட்டோவில் பள்ளி தொடங்கிய ஷினிச்சி சுசூகியின் வயலின் முறையிலும் தனிப் பாடம், குழுப் பாடம் இரண்டும் உண்டு. ஒரு பிள்ளையின் தனிப் பாடத்தை மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெற்றோரையும் வகுப்பில் உட்காரவைத்துப் பாடத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள். தனி வகுப்பு கேட்கும் பெற்றோருக்கு இதையே சொல்லலாம்.

சரளி:
மிக்க நன்றி. வாய் திறக்காத பையனை என்ன செய்வது?

கானடா:
பாடச் சொல்லாதீர்கள். சுருதிப்பெட்டியைப் போடுவதும் வகுப்புக்கே தாளம் எடுத்துக் கொடுப்பதும் அவன் வேலை. கை தவறாமல் ஓடினால் பாடம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லகு, த்ருதம் முறை வரும்போது அவனைத் தாண்டாமல், பக்கத்துப் பிள்ளையோடு சேர்த்து ஒரே முறையாகக் கொடுங்கள். என்றாவது குரல் வரும். அன்றைக்கு யாரும் கைதட்ட வேண்டாம். தாளத்தை நிறுத்தாமல் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுங்கள்.