கால் ஆணின்னு விட்டது ஓவரி வரைக்கும் போயிடுச்சு

எங்க சித்திக்கு நடந்தத எழுதுறேன். குதிகால்ல புளியங்கொட்டை அளவு ஒரு கருப்பு, வயக்காட்டுல வெறுங்கால்ல நடக்கிறவங்க, அதனால கால் ஆணின்னு பிளாஸ்டர் ஒட்டியே ஒரு வருஷம் ஓட்டிட்டாங்க. ஓரமெல்லாம் மை கசிஞ்ச மாதிரி பரவி தண்ணி வடிய ஆரம்பிச்சப்பதான் பயாப்ஸி எடுத்தோம், மெலனோமா, தோல் கேன்சர். நம்ம நெறத்து ஆளுங்களுக்கு இது வந்தா வெயில் படுற எடத்தவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் அதிகமாம், பாப் மார்லிக்கும் கால் கட்டவிரல் நகத்துக்கு அடியிலதான் வந்துச்சு, 1981ல 36 வயசுல போயிட்டார். சித்திக்கு வெட்டி எடுத்துட்டு தொடைத்தோல வச்சு ஒட்டினாங்க, 4 வருஷம் ஒண்ணும் இல்ல.

அப்புறம் அடிவயிறு கனமா இருக்கு, பாவாட நாடா இறுக்குதுன்னாங்க. ஸ்கேன்ல வலது ஓவரில 11 செ.மீ கட்டி. ஓவரி கேன்சராத்தான் இருக்கும்னு கர்ப்பப்பையோட ரெண்டு ஓவரியையும் எடுத்துட்டாங்க. அட்மிஷன் ஃபாரத்துல பழைய ஆபரேஷன் கேட்ட எடத்துல நான்தான் "கால்ல சின்ன ஆபரேஷன்"னு எழுதினேன். காலுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்னு நெனச்சுட்டேன், அத நெனச்சா இன்னிக்கும் தூக்கம் வர மாட்டேங்குது. பயாப்ஸி முடிவு சொல்ல முடியாம இழுத்துக்கிட்டே போச்சு, கடைசில டாக்டரம்மா வந்து "ஒடம்புல எங்கயாவது மச்சம், கரும்புள்ளி எடுத்தீங்களாம்மா"ன்னு கேட்டப்போ சித்தி பேசாம போர்வைய வெலக்கி கால நீட்டினாங்க.

— அக்கா, நான் பேத்தாலஜி லேப்ல இருக்கேன். எங்களுக்கும் இப்படி மெலனோமா பரவின ஓவரி ஒண்ணு வந்துச்சு. மெலனோமான்னா கருப்பாத்தான் இருக்கும்னு நெனப்போம், அது மீன் சதை மாதிரி வெளுப்பா இருந்துச்சு, நெறமே இல்லாத வகையும் உண்டு. மெலனோமாவ காட்டிக் குடுக்கிற எஸ்-100, ஹெச்எம்பி-45ங்கிற ஸ்டெயின் போட்டுத்தான் புடிச்சோம், ஆனா அத போடணும்னு தோணுறதுக்கே பழைய கத தெரியணும். வருஷக்கணக்கு கழிச்சுக்கூட திரும்ப வரும்கா. பயாப்ஸி சதைய மெழுகுல பதிச்சு வச்சிருக்கிற பழைய பிளாக்க கேட்டு வாங்கி வைங்க, பிராஃப்ங்கிற ஜீன் டெஸ்ட்டுக்கு உதவும், அதுல மாற்றம் இருந்தா மாத்திரையே இருக்கு.

— வாங்கிட்டோம் தம்பி, பிராஃப் நெகட்டிவ். ஒடம்போட எதிர்ப்பு சக்திய கேன்சருக்கு எதிரா தூண்டிவிடுற நிவோலுமேப் ஊசி 3 தடவ போயிருக்கு, அடுத்த ஸ்கேனுக்கு காத்திருக்கோம். இப்ப ஃபைல் அட்டையிலயே சிவப்பு மார்க்கர்ல "குதிகால் மெலனோமா"ன்னு பெருசா எழுதிட்டேன், பல் டாக்டர்கிட்ட போனாக்கூட அதத்தான் மொதல்ல காட்டுறாங்க சித்தி.