ஏலக்காய் ஏற்றுமதி பற்றி எம்பிஏ ஆய்வறிக்கை: தலைப்பு பெரிசுன்னு கைடு திருப்பிட்டார்

நெடுங்கண்டம்காரன்:
வணக்கம். எம்பிஏ கடைசி செமஸ்டர், இன்டர்நேஷனல் பிசினஸ். "இந்திய ஏலக்காய் ஏற்றுமதியில் சர்வதேச மேலாண்மைச் சிக்கல்கள்"னு தலைப்பு கொடுத்தேன். இதை வச்சு நாலு பேர் பிஎச்டி பண்ணலாம், சுருக்கிட்டு வான்னுட்டார் கைடு. 12,000 வார்த்தை, மார்ச் கடைசிக்குள் கொடுக்கணும். பூச்சிமருந்து எச்சத்தால் ஐரோப்பாவில் சரக்கு நிற்பதை எடுக்கலாமான்னு யோசனை. கேள்வியை எப்படி அமைக்கிறது? ஹாஃப்ஸ்டீட் தியரி (நாட்டுக்கு நாடு இருக்கிற கலாச்சார வித்தியாசத்தை மதிப்பெண்ணால் அளக்கிறது) போட்டே ஆகணுமா?

போடிமெட்டு:
தம்பி, மருந்து எச்சம்ங்கிறது லேப் விஷயம். அதில் யார், எப்போ, என்ன முடிவு எடுக்கிறாங்கன்னு பார்த்தால்தான் மேலாண்மை வரும்.

ஐரோப்பிய யூனியனில் தனி வரம்பு வைக்காத மருந்துக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் பொது வரம்பு. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடம்) உலர்ந்து 1 கிலோ ஆகுது. சூட்டில் சிதையாத மருந்தா இருந்தால் எச்சமும் அதே அளவுக்குச் செறிவாகும். அடுத்தது கலப்பு. புத்தடியிலோ போடியிலோ ஏலத்தில் எடுக்கிற காயை வியாபாரி சலிச்சு, தரம் பிரிச்சு, பல தோட்டத்துக் காயைச் சேர்த்துத்தான் ஒரு கன்சைன்மென்ட் கட்டுவார். 900 கிலோ சுத்தமான காயோட, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் எச்சம் உள்ள 100 கிலோவைக் கலந்து பாருங்க. மொத்தச் சரக்கும் 0.05 காட்டும், வரம்பைப் போல ஐந்து மடங்கு. எந்தத் தோட்டத்துக் காய்னு அப்புறம் தோண்டிப் பார்க்க வழியில்லை.

இங்கதான் எக்ஸ்போர்ட்டர் முடிவு எடுக்கணும். கலந்த பிறகு டெஸ்ட் பண்ணி, தேறாததை வேற சந்தைக்குத் திருப்பலாம். கலக்கிறதுக்கு முன்னாடியே லாட் லாட்டா டெஸ்ட் பண்ணலாம். சின்ன லாட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. இல்லேன்னா ஏலத்தை விட்டுட்டு, மருந்தடிக் கணக்கு வச்சிருக்கிற தோட்டத்தோட நேரா ஒப்பந்தம் போடலாம். உங்க கேள்வி இப்படி இருக்கட்டும்: "ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏலக்காய் ஏற்றுமதியாளர்கள், எந்தச் சூழலில் ஏலக் கொள்முதலை விட்டு நேரடி ஒப்பந்தத்துக்கு மாறுகிறார்கள்? மாறாதவர்களைத் தடுப்பது எது?" ரெண்டாவது பாதியை விட்டுடாதீங்க, சரக்கே அதில்தான் இருக்கு.

குமுளி அக்கா:
மேலே சொன்ன கேள்விக்கு ஹாஃப்ஸ்டீட் வேண்டாம். அந்த மதிப்பெண்களுக்கு அடிப்படை, 1967-லிருந்து 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த சர்வே. ஏலத்தில் லாட் ஏன் கலக்கிறது என்பதற்கு அது பதில் சொல்லாது. அந்த மதிப்பெண் அட்டவணையை ஒட்டிவிட்டு இரண்டாம் அத்தியாயம் முடிந்தது என்று நினைக்கும் அறிக்கைகள்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுகின்றன. பரிவர்த்தனைச் செலவுக் கோட்பாடு (ஆள் தேடவும், பேரம் பேசவும், கண்காணிக்கவும் ஆகும் செலவைப் பார்ப்பது), மதிப்புச் சங்கிலி ஆளுகை (தோட்டம் முதல் வாங்குபவர் வரை யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார் என்று பார்ப்பது) இரண்டும் போதும். ஏலம் என்பது சந்தை முறை, ஒப்பந்தத் தோட்டம் என்பது உறவு முறை அல்லது பிடிக்குள் வைத்திருக்கும் முறை. எதிலிருந்து எதற்கு மாறுகிறார்கள் என்று அந்தச் சட்டகத்தில் வைத்துப் பேசலாம்.

பேட்டிக்கு ஏற்றுமதியாளர் ஆறு பேர், ஏலம் நடத்துபவர் இரண்டு மூன்று பேர், தோட்டக்காரர் எட்டு பேர் கிடைத்தால் முதுகலைக்குத் தாராளம். "உங்கள் சரக்கு திரும்பி வந்திருக்கிறதா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "ஐரோப்பா ஆர்டர் வந்தால் காயை எங்கே வாங்குவீர்கள், முதலில் யாருக்கு போன் போடுவீர்கள்?" என்று ஆரம்பியுங்கள்; சரக்கு திரும்பிய கதை தானாக வரும். சம்மதப் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் கையில் இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்டோர்_கணக்கு:
டேட்டா பக்கம் மட்டும் சொல்றேன்.

டிரேட் மேப்பில் (உலக வர்த்தகப் புள்ளிவிவரத் தளம்) ஏலக்காயின் சுங்கக் குறியீடு 090831 போட்டு எடுத்தீங்கன்னா சின்ன ஏலக்காயும் பெரிய ஏலக்காயும் ஒண்ணா விழும். நேபாளம் பெரிய போட்டியாளர் மாதிரி தெரியும். அது விக்கிறது பெரிய ஏலக்காய். நம்ம வர்த்தக அமைச்சகத் தளத்தில் 8 இலக்கக் குறியீட்டில் பிரிச்சு எடுங்க. அங்க ஏப்ரல்–மார்ச், டிரேட் மேப்பில் ஜனவரி–டிசம்பர். ரெண்டையும் ஒரே சார்ட்டில் போடுறவங்க நிறைய. 2012-க்கு முன்னாடி குறியீடே வேற, 090830. தினசரி ஏல வரத்தும் சராசரி விலையும் ஸ்பைசஸ் போர்டு தளத்தில் இருக்கு.

சரக்கு நின்ற விவரத்துக்கு ஐரோப்பாவின் ராஸ்ஃப் தளம் (உணவுப் பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பதிவு பண்ற இடம்). பொருள், நாடு, மருந்தின் பெயர் இருக்கும். கம்பெனி பெயர் இருக்காது. அந்த எண்ணிக்கை கூடினால் காய் கெட்டுப்போச்சுன்னு எழுதிடாதீங்க. ஒரு பொருள் மேல சந்தேகம் வந்தால் துறைமுகத்தில் சோதனை விகிதத்தையே ஏத்துவாங்க. அதிகம் சோதிச்சால் அதிகம் மாட்டும். ஏற்றுமதி அளவோட சேர்த்துத்தான் படிக்கணும்.

நெடுங்கண்டம்காரன்:
ரொம்ப நன்றி. வார்த்தைப் பங்கீடு எப்படி? குவாத்தமாலாவை ஒப்பிட்டு ஒரு அத்தியாயம் போடலாமா?

குமுளி அக்கா:
அறிமுகம் 1,000, முன்னாய்வு 2,500, முறையியல் 1,500, கண்டறிந்தவை 4,000, விவாதம் 2,000, பரிந்துரை 1,000. பரிந்துரையில் "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்த ஏற்றுமதியாளர், எத்தனை தோட்டத்தோடு, எந்தச் செலவில் என்று இருக்க வேண்டும்.

போடிமெட்டு:
குவாத்தமாலாதான் உலகத்திலேயே பெரிய ஏற்றுமதிக்காரன், அதனால் அறிமுகத்தில் ஒரு பத்தி வேணும், ஆனால் அது போதும். அங்க ஒரு ஆளைக்கூடப் பேட்டி எடுக்காமல் தனி அத்தியாயம் போட்டால் வைவாவில் முதல் கேள்வி அதில்தான் வரும். அந்த இடத்துக்கு, ஒப்பந்தத்துக்கு மாறிய ஒரு எக்ஸ்போர்ட்டரையும் ஏலத்திலேயே நிற்கிற ஒருத்தரையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு எழுதுங்க தம்பி.