துரை பங்களாவின் கறுப்பு மரச்சட்டங்களைக் கழற்றிவிடலாமா?

இராகலை வாசகி:

வணக்கம். இராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய சின்னதுரை (தோட்டத்தின் உதவி நிர்வாகி) பங்களா பூட்டிக் கிடக்கிறது. வெள்ளைச் சுவரில் நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாகக் கறுப்பு மரச்சட்டங்கள், செங்குத்தான தகரக் கூரை, இரண்டு புகைபோக்கிகள். நுவரெலியா கிராண்ட் ஹோட்டலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாயல் பிடிபடும். வாசிகசாலையும் பாலர் வகுப்பும் நடத்த அதைத் தருவதாக நிர்வாகம் எங்கள் சங்கத்திடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறது. என் தாத்தா அங்கே அப்புவாக, அதாவது துரையின் வீட்டு வேலைக்காரராக, இருந்தார். அம்மா பிறந்தது குசினியை ஒட்டிய பின் அறையில்.

வேலைக்குப் பேசிய மேசன் பாஸ், சட்டங்கள் உளுத்துவிட்டன, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சீமெந்து பூசினால் கவலையில்லை என்கிறார். சங்கத்தில் பலரும் தலையாட்டிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மரம் சுவரைத் தாங்குகிறதா, அழகுக்கு அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காப்பாற்ற வழி இருக்கிறதா?

அட்டன் ஆசாரி:

தங்கச்சி, சீமெந்து மூட்டையை லொறியில் ஏற்றுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே நல்லது. இங்கிலாந்தில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இப்படிக் கட்டிய வீடுகளில் மரச்சட்டம்தான் வீட்டையே தாங்கும். இடைவெளியில் வரிச்சு கட்டி மண் அப்புவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பழைய பாணி மறுபடி நாகரிகமானபோது, செங்கல் சுவர் எழுப்பி அதன்மேல் பலகை அடித்தும் கட்டினார்கள். நம் மலையகத்தில் நான் வேலை பார்த்த பங்களாக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டையும் கண்டிருக்கிறேன்.

காரை பெயர்ந்த இடத்தில் பாருங்கள். மரத்துக்குப் பின்னால் செங்கல் தொடர்ந்து போனால், மரத்தில் இரும்பாணித் தலை தெரிந்தால், அது மேலே அடித்த பலகை. சுவரின் கனத்துக்கு மரமும் இருந்து, மூலைகளில் ஒரு சட்டத்தின் செதுக்கிய முனையை (கழுந்து) மற்றதன் துளையில் பூட்டி மர ஆணி இறுக்கியிருந்தால் அதில் கை வைக்கவே கூடாது, கூரை இறங்கிவிடும். பிறகு ஒரு குத்தூசியால் அடிச்சட்டத்தைக் குத்துங்கள். உளுப்பு பெரும்பாலும் கீழேதான் தொடங்கும்.

இராகலை வாசகி:

ஐயா, தம்பியுடன் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் நீங்கள் சொன்ன இரண்டாம் வகைதான்: செங்கல்மேல் பலகை, சதுரத் தலை ஆணி. பின்கட்டு அப்படியில்லை. குசினிச் சுவரில் மூலைக்கு மூலை மர ஆணி, விரல் கனம், எட்டுப்பட்டையாகச் செதுக்கியது. ஒரு கட்டத்தில் மண் உதிர்ந்திருக்கிறது. உள்ளே பிளந்த மூங்கில் வரிச்சு, மண்ணோடு நறுக்கிய மானாப்புல். மண்ணில் ஐந்து விரலும் பதிந்த தடம் காய்ந்து நிற்கிறது, சிறிய கை. குத்தூசி அடிச்சட்டத்தில் இரண்டு இடத்தில் மட்டுமே முழுதாக இறங்கியது, இரண்டும் கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலி உடைந்த இடத்துக்கு நேர் கீழே.

பொகவந்தலாவைக்காரன்:

சகோதரி, மன்னிக்க வேண்டும். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்புகிறது, மழைக்குச் சட்டி வைக்கிறோம். துரை சாய்ந்து உட்கார்ந்த வீட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு? அந்த வாசலில் எங்கள் தாத்தாமார் செருப்போடு நிற்கக்கூட முடியவில்லை. இடித்துவிட்டுப் புதிய வாசிகசாலை கட்டுங்கள்.

இராகலை வாசகி:

அண்ணா, லயத்தின் நிலைமை பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. நானும் அதே காம்பராவில் இருந்துதான் எழுதுகிறேன். ஆனால் அந்த வீட்டைக் கட்டியது யார்? நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். அங்கிருந்து இராகலைக்குச் சின்ன ரயில் ஓடியது 1904இல்தான். அதற்கு முன்பே கட்டிய பங்களா என்று தாத்தா சொல்வார். அப்படியானால் அந்த உத்திரங்கள் எங்கள் ஆட்களின் தோளில் ஏறித்தான் மலைக்கு வந்திருக்க வேண்டும். அங்கிருந்த துரைமாரின் பெயரைப் பெர்குசன் டிரக்டரியில் (தோட்டங்களையும் துரைமாரையும் பட்டியலிட்ட பழைய நூல்) தேடலாம். மண் அப்பிய அந்தக் கைக்குரியவரின் பெயரை எங்கே தேடுவது? சுவரைச் சீமெந்தால் மூடினால் அந்தத் தடமும் போய்விடும். எனக்கு முன்பக்கத்தைவிடப் பின்கட்டுத்தான் முக்கியம். குசினி, அப்புவின் அறை, வேலைக்காரர் வந்துபோன பின்வாசல், அத்தனையும் இருந்தபடியே நிற்க வேண்டும். பிள்ளைகள் அங்கே புத்தகம் வாசிக்க வேண்டும், முன்வாசலால் உள்ளே போய்.

பொகவந்தலாவைக்காரன்:

முன்வாசலால் என்றால் எனக்கும் சம்மதம். கூரை வேலைக்கு ஆள் குறைந்தால் சொல்லுங்கள், வருகிறேன்.

பதுளை நூலகன்:

இரண்டு விஷயம். பெருந்தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்குப் போய், 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கைமாறியது. நிலமும் கட்டடமும் பெரும்பாலும் குத்தகைதான். எனவே வாய்வார்த்தையை நம்பிப் பணம் போடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அடுத்தது, 1815க்கு முந்தியதல்ல என்பதால் தொல்பொருட் சட்டம் இந்த வீட்டைத் தானாகக் காக்காது. ஆனால் நூறு வருடம் கடந்த கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்க 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. வயதைக் காட்டப் பழைய நில அளவைப் படங்கள் உதவும். அந்தக் கைத்தடத்தை இப்போதே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

அட்டன் ஆசாரி:

தங்கச்சி, சீமெந்து ஏன் கூடாது என்று உங்கள் மேசனிடம் இப்படிச் சொல்லுங்கள்: மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், சீமெந்து அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை வெடிப்பு விடும். அதில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்தை உள்ளே இருந்து அழுகவைக்கும். சுண்ணாம்புச் சாந்தும் மண்ணும் ஈரத்தை வெளியே விடும். கறுப்புத் தாரும் திரும்பப் பூச வேண்டாம்.

உளுத்த இரண்டு துண்டை மட்டும் அறுத்து எடுத்து, அதே கனத்தில் நன்றாகக் காய்ந்த பலா மரத்தைச் சாய்வாகச் செதுக்கிப் பூட்டலாம். கைத்தடம் உள்ள கட்டத்தைத் தொடாமல் சுற்றி வேலை செய்ய முடியும், அதை நானே வந்து செய்கிறேன். சுண்ணாம்பு திகன, மாத்தளைப் பக்கக் காளவாய்களில் விசாரியுங்கள். ஆனால் முதல் செலவு பீலிக்கு. மே மாத மழை பிடிப்பதற்குள் அதை மாற்றி, சுவரோடு சேர்ந்திருக்கும் மண்ணை ஒரு முழம் வெட்டி விலக்கிவிடுங்கள்.