நாயோடு ரூம் கேட்டு வந்தவர்கள்

வெள்ளவத்தை ரிசெப்ஷன்காரன்:

பதினோரு வருடமாக வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற சின்னத் தங்குமிடத்தின் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். 18 அறைகள். நாங்கள் லொட்ஜ் என்போம், முதலாளி ஹோட்டல் என்பார். கொழும்பில் சோற்றுக்கடைக்கும் ஹோட்டல் என்றுதான் பெயர்ப்பலகை, அதனால் அவரோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை.

போன வருடம் ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

இரவு பத்து மணி தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து வயதான தம்பதி. மகனைக் கட்டுநாயக்காவில் விமானம் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். அம்மாவின் கையில் நீல நிறப் பயணப் பை, சிப் முக்கால்வாசிதான் பூட்டியிருந்தது. கொப்பியில் கையெழுத்து வைக்கும்போதுகூடப் பையைக் கீழே வைக்கவில்லை. நகை இருக்கும் என்று நினைத்தேன். லிஃப்ட் கதவு மூடும்போது நகை குரைத்தது.

ஓடிப்போய் லிஃப்டை நிறுத்தினேன். "அம்மா, நாய் கொண்டு வந்திருக்கிறியளோ?"

"நாய் எண்டு சொல்லாதேங்கோ தம்பி, அவனுக்கு விளங்கும்."

பொமரேனியன். 12 வயது, ஒரு கண் மங்கல். மகன் போன வீட்டில் அதைத் தனியே விட மனம் வரவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரரும் ஊரில் இல்லையாம். எங்கள் இடத்தில் நாயை விடலாம் என்றும் எழுதியிருக்கவில்லை, விடக்கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. அந்த நேரத்தில் முதலாளிக்குப் போன் எடுத்தால் நாய்க்கு முதல் எனக்குத்தான் ஏச்சு விழும். சரி, ஒரு இரவுதானே என்று மூன்றாம் மாடியில் கடல் பார்த்த அறையைக் கொடுத்துவிட்டேன்.

அறையைத் தெரிவு செய்ததில்தான் முதல் பிழை. எங்கள் இடத்துக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை. மனிதர்கள் ஒரு இரவில் பழகிவிடுவார்கள், அவன் பழகவில்லை. விடியக்காலை ஒஃபிஸ் ரயில்கள் ஒவ்வொன்றும் ஹோர்ன் அடிக்க, இவனும் பதில் சொன்னான். ஆறரைக்கு எதிர் அறைக்காரர் சாரத்தோடு கீழே இறங்கி வந்தார்.

இரண்டாவது பிழை அவர்களுடையது. காலையில் கதிரேசன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று இருவரும் பம்பலப்பிட்டிக்குப் போனார்கள். அவனை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், எனக்குச் சொல்லவில்லை. நான்கு மணித்தியாலம். குரைத்துக் களைத்து, பிறகு கதவைச் சுரண்டி, கதவின் கீழ்ப்பக்கம் வானிஷ் எல்லாம் போய்விட்டது. திரும்பி வந்து கதவைப் பார்த்ததும் அந்த அம்மா அழுதேவிட்டார். 5000 ரூபாயை மேசையில் வைத்தார். நான் 2000 எடுத்தேன்.

மூன்றாவது பிழை முழுக்க முழுக்க என்னுடையது. இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான். அறை துப்புரவு செய்ய எங்கள் முஸ்லிம் நானாவை அனுப்பினேன். எங்களோடு இருபது வருடமாக இருப்பவர், ஐவேளை தொழுகிறவர். அங்கே நாய் தங்கியது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. ஈரமான துவாயைத் தூக்கித் தோளில் போட்ட பிறகுதான் அதில் மயிரைக் கண்டிருக்கிறார். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரில். அன்றைக்கு அவர் மதியம் சாப்பிடாமல் உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு நாயோட ஒரு கோவமும் இல்ல தம்பி. சொல்லாம அனுப்பினீங்களே, அதுதான்."

ஒழுங்கை முனையில் படுக்கும் தெருநாய்க்குத் தினமும் மீன்தலை வைப்பவரும் இதே நானாதான்.

அத்தோடு முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து அதே அறையின் திரைச்சீலை ஓரத்தில் உண்ணி ஏறுகிறது என்று ஒருவர் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். அந்த நாயிடம் இருந்து வந்ததா, அதற்கு முன் யாராவது எங்களுக்குத் தெரியாமல் பையில் கொண்டு வந்ததா, சத்தியம் பண்ண மாட்டேன். ஆடிவேல் திருவிழா நேரம், எல்லா அறையும் நிறைந்திருக்க வேண்டிய காலம், மூன்று கிழமை அந்த அறையைப் பூட்டி வைத்தோம்.

முதலாளி இப்போது "நாய் கூடாது" என்று போர்டு அடிக்கச் சொல்கிறார். எனக்கு மனமில்லை. போர்டு அடித்தால் நாய் வராமல் விடாது, பைக்குள் வரும்.

நல்லூராள்:

தம்பி, அந்த நீலப் பை அம்மா நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

எங்கள் பெட்டை நாய்க்குப் பின்னங்கால் எலும்பு ஒப்பரேஷன் கொழும்பில் செய்வதென்று முடிவாகி, யாழ்ப்பாணத்தில் இருந்து வேன் பிடித்து வந்தோம். நானூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. வேன்காரருக்கே நாய்க்கென்று தனிக் காசு. அப்பாவும் வந்தார், அவருக்குக் கண் கிளினிக் இருந்தது. வெள்ளவத்தையில் மூன்று இடம், தெஹிவளையில் ஒன்று, எல்லாம் போனில் புக் பண்ணும்போது "ஓம் வாங்கோ" என்றவைதான். நாய் இருக்கிறது என்று போனில் சொல்லாதது என் பிழை. வாசலில் பார்த்ததும் முகம் மாறும். ஒரு இடத்தில் ரூம் இருந்தும் இல்லை என்றார்கள், திறப்புகள் தொங்குவது எனக்கே தெரிந்தது. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரவை மரைன் டிரைவில் வேனுக்குள் கழித்தோம். கடற்காற்று நன்றாகத்தான் இருந்தது, நுளம்பும் நன்றாக இருந்தது.

அங்கே அப்பா ஒரு கதை சொன்னார். 2007 ஜூன் 7 விடியக்காலை கொழும்பு லொட்ஜ்களில் இருந்து தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்களே, 376 பேர் என்று கணக்குச் சொன்னார்கள், அதில் அப்பாவும் ஒருவர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்டதும் திரும்பி வந்தார். சிறையில் இருந்ததைவிட அந்த பஸ் பயணம்தான் மறக்காது என்பார் அவரோடு அந்த பஸ்ஸில் போன ஒருவர். அப்பா அப்படிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அன்றைக்கு வேனுக்குள் இருந்து பெட்டையின் தலையைத் தடவிக்கொண்டு, "எங்களுக்கே ரூம் இல்லையெண்டவங்கள், உனக்குத் தருவாங்களோ பிள்ளை" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஒப்பிடக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வாசலில் நின்று ரூம் கேட்டு "இல்லை" என்ற பதிலைக் கேட்டுப் பழகிய ஆட்களுக்கு அந்த ஒரு சொல் வேறு மாதிரித்தான் காதில் விழும்.

பம்பலப்பிட்டி தும்மல்காரி:

என் பக்கத்தையும் கேளுங்கள். எனக்கு ஆஸ்துமா இழுப்பு. நுவரெலியாவில் ஒரு பெரிய இடம், கார்ப்பெட் போட்ட அறை, உள்ளே போய் ஒரு மணித்தியாலத்தில் தும்மல், பிறகு நெஞ்சு இறுகிவிட்டது. பம்ப் அடித்தும் குறையவில்லை. முதல் நாள் வரை அந்த அறையில் நாயோடு ஒரு குடும்பம் இருந்தது என்று பிறகுதான் சொன்னார்கள். மயிரைக் கூட்டி எடுத்துவிடலாம். ஒவ்வாமையைக் கிளப்புவது நாயின் தோல் பொடியும் எச்சிலும். அது கார்ப்பெட்டிலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். நாயை விடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த அறையில் விட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:

நானும் ஹோட்டல் வேலை பார்த்தவன். நாய் செய்த சேதத்தை எழுதுகிறீர்கள், கலியாண வீட்டுக்காரர் செய்யும் சேதத்தை யார் எழுதுவது? பெட்சீட்டில் மருதோன்றி, தலையணையில் ஹெயார் டை, பாத்ரூம் சிங்கில் வெற்றிலைத் துப்பல், விடிய மூன்று மணிக்குப் பைலாப் பாட்டு. ஒரு நாயும் இதுவரை ஏசி ரிமோட்டைக் கொண்டு போனதில்லை.

தெஹிவளை, மிருக வைத்தியசாலைப் பக்கம்:

நான் வைத்தியர் இல்லை, மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். உண்ணிக் கதைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் ஹோட்டல்காரர்கள் பயப்பட வேண்டியதும் பயப்படாததும்.

எங்கள் ஊர் நாய்களில் ஏறும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் ஏறி, வெடிப்பிலோ திரைச்சீலை மடிப்பிலோ கட்டில் பலகை இடுக்கிலோ முட்டை இடும். ஒன்று இரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். பிறகு மாதக்கணக்கில் சாப்பாடு இல்லாமல் காத்திருக்கும். அதனால் ரிசெப்ஷன் அண்ணா அறையை மூன்று கிழமை பூட்டி வைத்தது மட்டும் போதாது. நாய் இல்லாத அறையில் உண்ணி பட்டினி கிடக்கும், சாகாது. இடுக்கு இடுக்காக மருந்து அடித்து, இரண்டு மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் அடிக்க வேண்டும். டைல்ஸ் தரையும் வெடிப்பில்லாத சுவரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நாயிடம் கேட்க வேண்டியது தடுப்பூசி அட்டை. விசர்நாய்க்கடி ஊசி வருடத்துக்கு ஒரு தரம் போட்டதா, உண்ணி மருந்து கடைசியாக எப்போது போட்டது, இரண்டும் அட்டையில் இருக்கும். நாயைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் 1901 முதல் இருக்கிறது, நாயின் பேப்பரைக் கேட்பது யாருக்கும் அவமரியாதை இல்லை. மனிதரிடம் அடையாள அட்டை கேட்கிறீர்கள்தானே.

தனியே விடும் விஷயம். வீட்டில் நாள் முழுக்கத் தனியே படுத்துக் கிடக்கும் நாய்கூடப் புது அறையில் கிடக்காது. அதற்கு அது அறை இல்லை, ஆட்கள் விட்டுவிட்டுப் போன இடம். நீங்கள் வெளியே போனால் அதுவும் வெளியே போக வேண்டும். முடியாவிட்டால் ஒருவர் அறையில் இருங்கள்.

லண்டன் பக்கம், முந்திப் பம்பலப்பிட்டி:

இங்கே நான் வேலை செய்யும் ஹோட்டலில் செல்ல நாய்க்குத் தனிக் கட்டணம். ஆனால் கண் தெரியாதவரின் வழிகாட்டி நாய் வந்தால் ஒரு சதமும் வாங்கக்கூடாது, ரூம் இல்லை என்றும் சொல்லக்கூடாது. 2010 சமத்துவச் சட்டம் அப்படி. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அதைத்தான் சொல்லித் தந்தார்கள். செல்ல நாய்க்கு என்ன விதி போட்டாலும் போடுங்கள், அந்த நாய்க்கு வேறு பக்கம் எழுதுங்கள்.

வெள்ளவத்தை ரிசெப்ஷன்காரன்:

எல்லாருக்கும் நன்றி. தெஹிவளைத் தங்கச்சியா தம்பியா தெரியாது, நீங்கள் சொன்னதை முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். ஆயிரக்கணக்கில் முட்டை என்றதும் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். மருந்து திரும்பவும் அடித்தாயிற்று.

இரண்டு கிழமை இழுபறிக்குப் பிறகு முடிவு இது. கீழ்த்தளத்தில் பின்பக்கம் இருக்கும் 102, 103 இரண்டும் நாயோடு வருபவர்களுக்கு. இரண்டிலும் டைல்ஸ், கார்ப்பெட் இல்லை, பின்கதவைத் திறந்தால் முற்றம். ரயில் சத்தம் அங்கே பாதிதான். திரைச்சீலையை எடுத்துவிட்டுப் பிளைண்ட்ஸ் போட்டோம். அட்டை கட்டாயம், 3000 அட்வான்ஸ், சேதம் இல்லாவிட்டால் திருப்பித் தருவோம். தனியே பூட்டிவிட்டுப் போனால் அந்த அட்வான்ஸ் போகும். அந்த இரண்டு அறைகளையும் மற்றப் பையன்தான் துப்புரவு செய்வான், அவனுக்கு அதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு. நானாவிடம் கேட்டுத்தான் அப்படி வைத்தோம். பம்பலப்பிட்டி அக்கா, நீங்கள் வந்தால் மூன்றாம் மாடி. அங்கே இனி நாய் ஏறாது.

வழிகாட்டி நாய் வந்தால் எந்த அறையும் என்று எழுதச் சொன்னேன். மூன்றாம் மாடியைத் தவிர என்று முதலாளி சேர்த்தார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகப் பட்டது, எழுதிவிட்டேன்.

முதலாளிக்கு இன்னும் முழு மனம் இல்லை. ஒரு மரக்கறிச் சாப்பாட்டுக் கோஷ்டி ஆடிவேலுக்கு வழக்கமாக வரும், அவர்கள் என்ன சொல்வார்களோ என்கிறார். வைரவருக்கு வாகனமே நாய்தானே ஐயா என்றேன். வைரவர் ரூம் எடுக்கிறதில்லை என்றார்.

நல்லூராள்:

தம்பி, சித்திரையில் பெட்டைக்குக் கால் காட்ட வர வேண்டியிருக்கிறது. 102 காலியாக இருக்குமா? இந்தத் தரம் போனிலேயே சொல்கிறேன், நாய் இருக்கிறது.

வெள்ளவத்தை ரிசெப்ஷன்காரன்:

இருக்குது அக்கா, எழுதி வைக்கிறன். அட்டையை மறக்காதேங்கோ. அப்பாவும் வாறாரோ?

நல்லூராள்:

வாறார். தனக்கு மேல்மாடியில் கடல் பார்த்த ரூம் வேணுமாம். பெட்டை பேசாமல் கீழே கிடக்கட்டும் என்கிறார்.